மங்கலம் வீட்டு ஓடைப்பூ

மங்கலத்துக்கு வயிறு எரிந்தது. அவள் புருஷன் கோமதிநாயகம், ஆடிட்டர் ஆபீஸில் கணக்கெழுதியே தலை நரைத்த பாவம் மனுஷன், வாயுத் தொந்தரவாக்கும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். சீரகத் தண்ணீருக்கு அடங்குகிற எரிச்சலா அது? எரிச்சலுக்குக் காரணம் அடுத்த வீட்டு மாடியில் குடியிருந்தது. பேர் ஆர்யா.

அடுத்த வீடு ரத்னாபாயுடையது. ரத்னாபாய்க்கு மார்த்தாண்டம் பக்கம், மங்கலத்துக்கு நாகர்கோவில். ரெண்டு பேரும் கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து, பாப்பனங்கோட்டுக் காலனியில் ஒரே மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடித்தனம் தொடங்கியவர்கள். ரத்னாபாயின் புருஷன் மஸ்கட்டில். மங்கலத்துக்குப் புருஷன் கூடவேதான் இருந்தார், ஆனால் பேச மாட்டார். இத்தனை வருஷத்தில் மங்கலத்துக்கு மலையாளம் நன்றாக வந்துவிட்டது. சினேகிதி என்று வாய்த்தது மட்டும் ரத்னாபாய் ஒருத்திதான்.

ரெண்டு பேருக்கும் செடிப் பைத்தியம். வருஷா வருஷம் கனகக்குன்னில் நடக்கிற மலர்க் கண்காட்சியில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று மேசை கொடுப்பார்கள். ஒரே மேசையில் மங்கலத்தின் ஆந்தூரியமும் ரத்னாபாயின் பிகோனியாவும் நிற்கும். முன்னால் ஒரு போர்டு: மங்கலம், ரத்னாபாய். இலையில் தூசி துடைக்க, கையைத் துடைக்க, வியர்த்தால் முகத்தைத் துடைக்க எல்லாவற்றுக்கும் ரெண்டு பேருக்குமாக ஒரே ஒரு ஈரத் தோர்த்து. துண்டு என்று கேட்டால் இந்த ஊரில் யாருக்குப் புரிகிறது? ஆளுக்கொன்று கொண்டுபோனால் என்ன குறைந்துவிடும் என்று கோமதிநாயகம் ஒரு தடவை கேட்டதற்கு, "உங்களுக்கு அதெல்லாம் தெரியாது" என்று மங்கலம் வாயை அடைத்துவிட்டாள். கப்பு கிடைத்ததே இல்லை. ஆறுதல் பரிசு கிடைக்கும், அதை வாங்கிக்கொண்டு ரெண்டு பேரும் மசால் தோசை தின்றுவிட்டு வருவார்கள். அவ்வளவு போதுமாக இருந்தது.

இந்த நிலையில்தான் குன்னூர்க்காரி ஆர்யா வந்து சேர்ந்தாள். புருஷன் சுதீஷுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. இவள் தாவரவியல் படித்தவள். காலை ஏழு மணிக்குப் போகிற புருஷன் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவான், படித்த பிள்ளை என்ன செய்யும்? கீழே இறங்கி வந்து ரத்னாபாயின் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். வந்த கொஞ்ச நாளிலேயே ஊரிலிருந்து பத்துப் பதினைந்து தொட்டி வரவழைத்துவிட்டாள். எல்லாம் மணிப்பூ. ஊதா மணி, வெள்ளை மணி. மொட்டிலே காற்றடித்த பலூன் மாதிரி உப்பிக்கொண்டு, மலர்ந்தால் அஞ்சு மூலையும் விரிகிற ஒரு பூ. இத்துனூண்டு நீலப் பூவாகத் தொட்டி நிறைய வழிகிற லொபீலியா.

"பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும் ஆன்ட்டி. ஆனா எல்லாம் ஒரே குடும்பம். தண்டை ஒடிச்சா முக்கால்வாசிக்குப் பால் வரும்" என்றாள் ஆர்யா.

ரத்னாபாய் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மங்கலம், பால் வந்தால் காப்பி போட்டுக் குடியேன் என்று முணுமுணுத்தாள். அடி ஆத்தி, என்ன ஒரு பேச்சு! நேற்று வந்தவள் ரத்னாபாய்க்குச் செடி சொல்லிக் கொடுக்கிறாள். முன்பெல்லாம் சாயங்காலம் மங்கலம் மதில் பக்கம் வந்தாலே ரத்னாபாய் குரல் கொடுப்பாள். "வாட்டி, உன்னைப் பாக்கவே வேண்டாம், நீ வாறது வளையல் சொல்லீரும்" என்பாள். மங்கலம் கை நிறையக் கண்ணாடி வளையல் போடுகிறவள். இப்போது வளையலைக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினாலும் அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புதான் வந்தது. இவளைப் பார்த்து அல்ல, அவளோடு.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது பொன்முடி விஷயம்தான்.

பொன்முடிக்கு ஒரு தடவை போய்வரலாமென்று மங்கலம் எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள்! "அய்யோ, அந்தக் கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வரும்" என்று ரத்னாபாய் ஒவ்வொரு தடவையும் கையை விரித்துவிடுவாள். டிசம்பரில் ஒரு நாள் ரத்னாபாயின் வீடு பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் செருப்பெல்லாம் செம்மண்ணாக வந்து இறங்கினாள், பின்னாலேயே ஆர்யா.

"பொன்முடிக்குப் போயிருந்தோம்ட்டி! மேல புல்லுக்காட்டுல காட்டுப்புகையிலைன்னு ஒரு செடி நிக்கி பாரு, என்னைவிட உயரம். அதும் மணிப்பூக் குடும்பமாம். பறிக்கக்கூடாதுன்னு ஆர்யா போட்டோ எடுத்தா. வரும்போது கல்லாறுல இறங்கிப் பழம்பொரி தின்னோம்."

"வாந்தி வரலியா?" என்று கேட்டாள் மங்கலம்.

"ஆர்யா எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தா" என்றாள் ரத்னாபாய், குத்தல் எதுவும் புரியாமல்.

எலுமிச்சம்பழம்! மங்கலம் வீட்டில் எலுமிச்சை மரமே நிற்கிறது. அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோமதிநாயகம் மறுபடி சீரகம் தேடினார்.

ஜனவரியில் கண்காட்சிக்கு ஏற்பாடு தொடங்கியபோது, இந்தத் தடவை மேசை முழுக்க மணிப்பூக் குடும்பம்தான் என்று ரத்னாபாய் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆந்தூரியம்? அது வேறு குடும்பமாம். அதாவது மங்கலம் வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டு. மங்கலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மதில் பக்கமே போகாமல் இருந்தாள். ரெண்டாம் நாள் ஆர்யாவே தேடி வந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் போகிற ஓடையோரம், பல் பல்லான இலையோடு ஒரு களை நிற்கும். நீளக் குழாயின் நுனியில் வெள்ளை நட்சத்திரம் மாதிரி பூ. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் குதித்தாளே பார்க்கணும்.

"ஆன்ட்டி! இது நம்ம மணிப்பூவுக்குச் சொந்தக்காரி! இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நாள் பேசாம இருந்தீங்க? நான் தொட்டியில எடுத்துக்கட்டுமா?"

"களைதானே. எடுத்துட்டுப் போ."

"பாலு மட்டும் பொல்லாதது. கண்ணுல பட்டா அவ்வளவுதான். தொட்டீங்கன்னா சோப்பு போட்டுக் கழுவிடணும், கேட்டீங்களா?"

என் வீட்டு ஓடையைப் பற்றி எனக்கே பாடமா என்று மங்கலம் பல்லைக் கடித்தாள்.

கண்காட்சி நாள் வந்தது. மங்கலம் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால் இத்தனை வருஷத்து மேசை அந்தப் பெண்ணுக்கே போய்விடாதா? பட்டுச்சேலை கட்டி, வளையல் அடுக்கிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் போர்டில் எழுதியிருந்தது: ரத்னாபாய், ஆர்யா, மங்கலம்.

மூன்றாவது. கடைசியில்.

நடுவில் பெரிய போட்டோ. ஆள் உயரக் காட்டுப்புகையிலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு ரத்னாபாய் சிரிக்கிறாள். மங்கலம் எடுத்த ஒரு போட்டோவிலாவது அவள் அப்படிச் சிரித்ததுண்டா? போதாக்குறைக்கு, ஊதாவும் நீலமுமாக ஜொலிக்கிற தொட்டிகளுக்கு நட்டநடுவில் அந்த ஓடைக் களை. முன்னால் ஒரு அட்டை, தமிழிலும் மலையாளத்திலும்: மங்கலம் ஆன்ட்டி வீட்டு ஓடையிலிருந்து.

கூட்டம் அங்கேதான் நின்றது. குன்னூரிலிருந்து வந்த பூவை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். தங்கள் வீட்டுச் சாக்கடையோரம் நிற்பதும் அதே குடும்பமென்றால் யாருக்கும் ஆச்சரியமாகத்தானே இருக்கும்? நடுவர்கள்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் மங்கலத்தின் காதில் விழுந்தது அதெல்லாம் இல்லை, காலனிக்காரி ராஜமணியின் குரல்தான்.

"என்ன மங்கலம் சேச்சி, எல்லா வருஷமும் ஆந்தூரியம் கொண்டாருவீங்க. இந்த வருஷம் வீட்டு ஓடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு நாலு மேசைக்குக் கேட்டது.

மங்கலம் முகத்தில் ஈயாடவில்லை. ரத்னாபாயும் ஆர்யாவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். "நீ பாத்துக்கோட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், காவல்காரியிடம் சொல்வது மாதிரி. நான் யாருடி உங்களுக்கு? உங்கள் நடுவில் நான் ஓடைக் களையா? உச்சிவரை ஏறிய கோபத்தில் கை முன்னால் போய்விட்டது. வெள்ளைப் பூச் செடியை வேரோடு பிடுங்கி, முறுக்கி, ரெண்டாக ஒடித்து மேசைக்கடியில் இருந்த வாளியில் போட்டாள். விரலெல்லாம் பால். பக்கத்தில் கிடந்த தோர்த்தில் அழுத்தித் துடைத்தாள். ஒரு நிமிஷம் நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகுதான் ஆர்யா சொன்னது நினைவுக்கு வந்து பயம் பிடித்தது. குழாயடிக்கு ஓடினாள். வளையலை எல்லாம் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சோப்பு வாங்கி முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். தன் கண்ணைப் பற்றி மட்டும்தான் யோசித்தாள்.

திரும்பி வந்தபோது ரத்னாபாய் மட்டும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கை தோர்த்தை எடுத்தது.

தொடாதே என்று கத்தியிருக்கலாம். ஏன் தொடக்கூடாது என்று கேட்பாளே, என்ன சொல்வது? அந்த ஒரு நொடி யோசித்தாள் மங்கலம். அந்த ஒரு நொடியில் ரத்னாபாய் தோர்த்தை முகத்தில் வைத்து, இமையிரண்டையும் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

அலறல் கேட்டு ஆர்யா ஓடிவந்தாள். காலித் தொட்டியைப் பார்த்தாள், தோர்த்தைப் பார்த்தாள், வேறு பேச்சே இல்லாமல் குடத்துத் தண்ணீரை ரத்னாபாயின் கண்ணில் ஊற்றத் தொடங்கினாள்.

"யாரு ஆன்ட்டி பிடுங்கினது?"

"யாரோ பிள்ளைங்களாக்கும்" என்றாள் மங்கலம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்தச் செடியின் பால் என்று டாக்டரிடம் ஆர்யாதான் விவரமாகச் சொன்னாள். மங்கலம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கருவிழி புண்ணாகியிருக்கிறது, சரியாகிவிடும், நாளைவரை ரெண்டு கண்ணையும் கட்டி வைக்கணும் என்றார் டாக்டர். சரியாகிவிடும் என்ற சொல்லைக் கேட்டதும் மங்கலம் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தே விட்டாள்.

சொட்டு மருந்து வாங்க ஆர்யா கீழே போனாள். மங்கலம் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே போனாள். கண்ணில் வெள்ளைக் கட்டோடு ரத்னாபாய் மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்யாவா? மருந்து கிடைச்சுதா மக்களே?"

மங்கலத்துக்குச் சுருக்கென்றது. இப்போதும் அவள் பேர்தானா? இந்த நிலையிலும் அந்தப் பொறாமை அடங்கவில்லை, என்ன ஜென்மமோ! பதில் சொல்லாமல் கையை மட்டும் அழுத்தினாள்.

"மங்கலம் வெளிய இருக்காளா? அவ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும், கேளு." ரத்னாபாய் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளைங்க ஒண்ணும் பிடுங்கல. பிள்ளைங்க பிடுங்கினா கையை எங்க தோர்த்துல துடைச்சுட்டா போகும்? அவதான். உனக்கும் தெரிஞ்சிருக்கும். அவகிட்ட ஒண்ணும் கேக்காத. கேட்டா அப்புறம் அவ என் வாசப்படி ஏற மாட்டா. வீம்புக்காரி."

மங்கலம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு. உன் பூவைப் பாத்ததுல நான் கொஞ்சம் ஆடிட்டேன். அந்த ஓடைச்செடியை நடுவுல வைக்கலாம்னு நாந்தானே சொன்னேன்? எல்லாரும் அவ செடியைத்தான் பாக்கணும், அவ முகம் மலரும்னு நெனச்சேன். அவகிட்ட சொல்லாமப் போச்சு." ரத்னாபாய் அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் நீ மேசைக்கு வர வேண்டாம் மக்களே. வேலை இருக்கு, படிப்பு இருக்குன்னு ஏதாவது சொல்லிக்கோ. நீ நல்ல பிள்ளை, வருத்தப்படாத. அவ இல்லாம அந்த மேசைல எனக்கு நிக்க முடியாது."

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மேசை, போர்டு, ரத்னாபாய், எல்லாம். வாயைத் திறக்காமல் எழுந்து வெளியே போய்விட்டால் போதும். அந்தப் பெண் தானே ஒதுங்கிக்கொள்ளும், மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழையபடி ஆகிவிடும். மாடிப்படியில் ஆர்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஆர்யா இல்லட்டி. மங்கலமாக்கும்" என்றாள்.

ரத்னாபாயின் விரல்கள் மங்கலத்தின் மணிக்கட்டுக்கு ஏறித் தடவிப் பார்த்தன.

"வளையல் எங்க?"

"கழத்தி வச்சிருக்கேன்."

"எப்போ?"

"அந்தப் பாலைத் தேய்ச்சுக் கழுவும்போது." அதற்குமேல் மங்கலத்துக்கு வரவில்லை. "நீ தோர்த்தை எடுத்ததைப் பாத்தேன் ரத்னா. பாத்துட்டுத்தான் நின்னேன்."

ஆர்யா வாசலில் மருந்தோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

ரத்னாபாய் கையை இழுத்துக்கொண்டாள். கட்டுக்குக் கீழே கன்னத்தில் ஈரம் இறங்கியது, மருந்தோ என்னவோ.

"வளையலைப் போடு முதல்ல. பக்கத்துல இருக்கது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"