லிஃப்ட்காரிக்கு மூன்று பட்டன்

"அவளுக்கு ஒரு உதை வச்சிடு. பறந்து வந்து உதைக்கட்டும். முடிஞ்சுது வேலை" என்றார் கத்தி.

கத்தி எங்கள் டீம் லீடர். அவர் உருவாக்கும் எந்தப் பாத்திரமானாலும் மூன்றாம் நாள் அதன் கையில் ஒரு வாள் முளைத்துவிடும். அதனால் நாங்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனி இதுவரை ஏழு கேம்கள் வெளியிட்டிருக்கிறது. ஏழிலிருந்தும் கேமுக்கு ஒருவரை இழுத்து வந்து ஒரே மேடையில் மோதவிடும் சண்டை கேமைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு ஒரே ஒரு சட்டம். சொந்தக் கேமில் என்ன செய்தார்களோ அதை வைத்துத்தான் இங்கே சண்டை போட வேண்டும். மீன்பிடிக் கேமின் மீனவர் தூண்டிலை வீசி எதிரியைக் கொக்கியில் மாட்டி இழுப்பார். கட்டை அடுக்கும் கேமிலிருந்து வந்த கொத்தனார் எதிரியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டுப் போய்விடுவார். கார் பந்தயக்காரனுக்குப் பின்னால் நகரவே வராது. பழைய கேமில் ரிவர்ஸ் இல்லை, ஆகவே இங்கேயும் இல்லை. திரும்ப வேண்டுமானால் மேடையை ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும். இந்தச் சட்டத்தை வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியவரே கத்திதான்.

லிஃப்ட்காரியின் முறை வந்ததும் சட்டம் காற்றில் பறந்துவிட்டது.

"அவ கேம்ல அவ யாரையும் அடிக்கவே மாட்டாளே" என்றேன்.

"அதனாலதான் உதை வைங்கிறேன். இல்லைன்னா ஆளையே தூக்கிடலாம். ஆறு பேர் போதும். எவன் கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்."

"நீ ஒருத்தி."

லிஃப்ட் கேம்தான் கம்பெனியின் முதல் கேம். பட்டன் வைத்த மலிவு போனுக்காகச் செய்தது. கறுப்பு வெள்ளையில் ஆறு மாடி, ஒரு லிஃப்ட், அதற்குள் தொப்பி வைத்த ஒரு பெண். ஆட்களை ஏற்றி, இறக்கி, கதவைச் சாத்துவதுதான் ஆட்டம். கம்பெனியின் பெருமையைச் சொல்லும் வீடியோவில் இப்போது அதைக் காட்டுவதில்லை. வசதியில்லாத சொந்தக்காரரைக் குடும்ப போட்டோவில் தூணுக்குப் பின்னால் நிறுத்துவது மாதிரி.

கத்திக்கு ஐந்து வயதிலேயே வீட்டில் பெரிய டிவியும் அதில் மாட்டிய கேம் பெட்டியும் இருந்தன. எங்கள் வீட்டில் அப்பாவின் போன் இருந்தது. அப்பா வேலை முடித்து வந்து குளிக்கப் போகும் பதினைந்து நிமிடம் அது என்னுடையது. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் என்ற ஒன்றை அங்கேதான் முதலில் கையில் வாங்கினேன். தலைகீழாகப் பிடித்தேன். சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது.

"சரி, ஒரு டெஸ்ட் வைப்போம்" என்றார் கத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "வெள்ளிக்கிழமை காலைல என் வாள்வீரனோட மூணு ரவுண்டு. உன் லிஃப்ட்காரி ஜெயிச்சா கேம்ல இருப்பா. தோத்தா வெளிய. ஆனா நீ ஆடக் கூடாது. வேற யாராவது ஆடணும்."

"உதை கிடையாது. சம்மதமா?"

"உதையில்லாம நீ எப்படி ஜெயிக்கிறேன்னு பாக்கறேன்."

பழைய கேமைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். லிஃப்ட்காரி லிஃப்டைவிட்டு வெளியே வந்ததே இல்லை. எனவே மேடையில் அவள் நடக்க மாட்டாள். ஒரு மூலையில் லிஃப்டோடு நிற்பாள். சண்டை வேண்டுமென்றால் எதிரிதான் தேடி வர வேண்டும். வந்தவன் காலுக்குக் கீழே தரை மேலே கிளம்பி அவனை ஆறாவது மாடிக்குத் தூக்கும். வாள் வந்தால் லிஃப்டோடு கீழே இறங்கிவிடுவாள். பக்கத்தில் வந்தால் கதவு இரண்டு பக்கமும் சாத்தி நசுக்கும். கடைசியாக ஒன்று, என் செல்லம். அந்த லிஃப்டில் எட்டுப் பேர்தான் ஏறலாம். ஒன்பதாவது ஆள் கால் வைத்தால் மணி அடித்து அவரை வெளியே தள்ளிவிடும். இங்கேயும் அப்படியே. எதிரி இடைவெளி விடாமல் எட்டு அடி அடிக்கலாம். ஒன்பதாவதை ஓங்கினால் மணி அடிக்கும், அடித்தவன் மேடைக்கு வெளியே போய் விழுவான்.

ஆட ஆள் தேடி நான் அலையவில்லை. எங்கள் ஆபீஸ் ரிசப்ஷன் அக்கா மேசை டிராயரில் ஒரு பழைய பட்டன் போன் வைத்திருக்கிறார். யாரும் வராத நேரத்தில் டிராயருக்குள்ளிருந்து டிங் டிங் என்று லிஃப்ட் மணி கேட்கும். மேனேஜர் கேட்டால் சுவர்க்கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்பார். வியாழக்கிழமை காலையில் அவரை என் சீட்டில் உட்கார வைத்தேன்.

நாற்பது நொடியில் தோற்றார். மறுபடி ஆடினார். முப்பது நொடி.

"இது அவ இல்லம்மா" என்றார்.

"அதே தொப்பிக்கா. அதே கதவு. அதே மணி."

"மூஞ்சி அவதான். கைதான் அவ கை இல்ல. கதவ சாத்தணும்னா நான் அஞ்சாம் நம்பர அமுக்குவேன், சாத்திக்கும். நீ என்னமோ கீழ தள்ளு, முன்னாடி தள்ளு, மஞ்சள அமுக்கு, பச்சைய அமுக்குங்கிற. கதவு சாத்துறமா, பேங்க் லாக்கர் திறக்குறமா?"

எனக்குச் சுருக்கென்றது. அக்கா மேல் கோபம் வந்து, அது அப்படியே திரும்பி என் மேலேயே விழுந்தது. சண்டை கேம் என்றால் ஒரு அடிக்கு நாலு அசைவு இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? கத்தியின் உலகத்தில் அப்படித்தான். பார்க்கிறவர்கள் இது முறையாகச் செய்தது என்று சொல்ல வேண்டுமே என்று, நான்கு மாடி ஏறினால்தான் கதவைச் சாத்தலாம் என்று கட்டி வைத்திருக்கிறேன். அவள் என்னென்ன செய்வாள் என்பதை மட்டும் எடுத்து வந்துவிட்டு, அவளை ஆடிய விரல்களை அங்கேயே விட்டுவிட்டேன். முட்டாள்தனம். படித்து வாங்கிய முட்டாள்தனம்.

"அக்கா, அந்தப் போன்ல மொத்தம் எத்தனை பட்டன்?"

"மூணு. ரெண்டு மேல, எட்டு கீழ, அஞ்சு கதவு. ஒரே கட்டை விரல்."

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். கன்ட்ரோலரின் வலது பக்கத்தில் மூன்று பட்டன், மேல், கீழ், கதவு. மற்ற எல்லாப் பட்டனும் லிஃப்ட்காரிக்குச் செத்தவை.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் முழுக்க ரிசப்ஷனில் கூடியது. பெரிய டிவி அங்கேதான் இருக்கிறது. அக்கா தன் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்தார்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கக்கா" என்றார் கத்தி, பெரிய மனது பண்ணி.

"இது போதும் தம்பி."

முதல் ரவுண்டில் கத்தி பிரித்து மேய்ந்தார். இரண்டாவதில் அக்காவுக்குக் கை பழகிவிட்டது. மேல், கதவு. மேல், கதவு. வாள்வீரன் ஆறாவது மாடிக்குப் போவதும், விழுவதும், கதவில் சிக்குவதுமாக இருந்தான். அந்த ரவுண்டு அக்காவுக்கு. அக்கவுன்ட்ஸ் பக்கமிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

மூன்றாவது ரவுண்டு பாதியில் ரிசப்ஷன் போன் அடித்தது.

"விடுங்கக்கா, அடிக்கட்டும்" என்று கத்தினேன்.

"அதெப்படி விடறது?" இடது கையால் ரிசீவரை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். வலது கட்டை விரல் நிற்கவில்லை. "வணக்கம், சொல்லுங்க... மேனேஜரா? இருங்க, பாக்கறேன்... இல்லைங்க, அவர் இங்கதான் நின்னு வேடிக்கை பாத்துட்டிருக்கார்."

மேனேஜர் வேகவேகமாகக் கையை ஆட்டினார். எல்லோரும் சிரித்ததில் கத்திக்கு ரோஷம் வந்துவிட்டது. வாள்வீரனை நெருங்கவிட்டு வெட்ட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா தடுக்கவே இல்லை. நாலு, அஞ்சு. லிஃப்ட்காரிக்கு உயிர் நூலளவுதான் பாக்கி. ஆறு, ஏழு, எட்டு.

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்று போனில் சொல்லிவிட்டு அக்கா கத்தியைப் பார்த்தார். "தம்பி, எட்டுப் பேருக்கு மேல இடமில்ல."

கத்தியின் விரலுக்கு அது கேட்கவில்லை. ஒன்பதாவது வெட்டுக்கு வாள் ஓங்கியது. டிங். வாள்வீரன், வாள் ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகத் திரைக்கு வெளியே பறந்தான்.

நான் போட்ட கூச்சலுக்குப் போனில் இருந்தவர் பயந்து வைத்துவிட்டார் போல. அக்கா ரிசீவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டோட நிறுத்தியிருக்கணும். எனக்குத் தெரியும். கை நிக்கல" என்றார் கத்தி.

"எப்படி நிக்கும்? உங்க வாள்வீரன் அவன் கேம்ல ஒரு நொடி நிறுத்தினாலே செத்துடுவான். பத்து வருஷமா அதத்தானே ஆடறீங்க" என்றேன்.

முறைப்பார் என்று நினைத்தேன். சிரித்தார், நிஜமாகவே. எழுந்து போய்ப் பலகையில் ஏழாவது கட்டத்தில் அவரே லிஃப்ட்காரி என்று எழுதினார். எழுதிவிட்டு வந்து கையை நீட்டினார்.

"அவள எனக்குக் கொடு. ஒரு ஆட்டம்."

"நானும் அவளத்தான் எடுப்பேன்" என்றார் அக்கா.

இரண்டு லிஃப்ட்காரிகள். மேடையின் இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி. இருவரும் லிஃப்டைவிட்டு இறங்க மாட்டார்கள். மேலே போனார்கள், கீழே வந்தார்கள், கதவைத் திறந்தார்கள், சாத்தினார்கள். தொண்ணூறு நொடி. ஒருவர் மேல் ஒருவர் விரல்கூடப் படவில்லை. ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, நானும்தான். டிரா என்று திரையில் வந்தது.

"இது யார் வேலை?" என்றார் கத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

என் வேலைதான். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. "திங்கட்கிழமை பாத்துக்கலாம், இப்ப நகருங்க, அடுத்தது நான்" என்றேன்.