நஞ்சம்மாள் கண் திறந்த படம்

என் மனைவி நஞ்சம்மாளின் முகத்தை உப்புத் தண்ணீரில் கரைத்துக் காணாமல் போக்கி, ஒற்றை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து திரும்ப வரவழைத்தவன் நான். சோமனூரிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் இன்னொருவன் செய்திருந்தால் வரச் சொல்லுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

என் பேச்சில் ஒரு சொல்லைக்கூட நம்பாதவன் ஒருவன் உண்டு. நஞ்சம்மாளின் தம்பி தனபால், சாயப்பட்டறைக்காரன். "மாமன் சொன்னா முக்காலைக் கழிச்சுட்டு, மீதிய பக்கத்து ஊட்டுல கேட்டுக்கோணும்" என்பான்.

நான் பனியன் பிரிண்டிங் யூனிட்டில், அச்சடிக்கிற ஸ்கிரீன் துணிமேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிப் படம் ஏற்றியவன். இரண்டாயிரத்து ஏழில் ஓய்வு பெற்றதும் ப்ளைவுட்டில் ஒரு கேமரா செய்தேன். உள்ளே கன்றுக்குட்டி கட்டலாம், அவ்வளவு பெரிசு. லென்ஸ் பழைய ஜெராக்ஸ் மிஷினில் கழற்றியது. ஃபிலிம், ஸ்கிரீனுக்குப் போடுகிற அதே அகலத் தாள். அது மகா சோம்பேறி ஃபிலிம். வெளிச்சத்தை ஆற அமரத்தான் குடிக்கும்.

நஞ்சம்மாளுக்கு ஒரு குறை. எந்தப் போட்டோவிலும் அவள் கண் திறந்ததில்லை. ஃபிளாஷ் அடிக்கும், கண் மூடிக்கொள்ளும். தாலி கட்டும்போது தூங்கிய மணப்பெண் எங்கள் கல்யாண ஆல்பத்தில்தான் இருக்கிறாள். வாக்காளர் அட்டையிலும் தூக்கம்தான்.

கோயமுத்தூரில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலமே அவளைக் கூட்டிப்போகக் கார் வந்துவிடும். அன்று காலை அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க, நான் திரும்பி வராட்டி மாலை போடறதுக்குக் கண்ணு தொறந்த படம் ஒண்ணு வேணுமுங்க. கிளம்பறதுக்கு முன்னால பாத்துட்டுப் போயிர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

நாற்காலியில் உட்கார வைத்து லென்ஸ் மூடியைக் கழற்றினேன். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை அசையக் கூடாது என்றேன். லாரி பாதி திரும்புவதற்குள் அவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"போச்சு மாமா. அக்கா சிமிட்டீருச்சு" என்றான் அக்காவை வழியனுப்ப வந்திருந்த தனபால்.

"சிமிட்டட்டும் மாப்ளே. இந்தச் சோம்பேறி ஃபிலிமு அதையெல்லாம் கண்டுக்காது. ரொம்ப நேரம் எது நிக்குதோ அதத்தான் புடிக்கும்."

"ஆமா, நீங்களும் உங்க ஃபிலிமும்."

குளியலறையில் சிவப்பு பல்பு போட்டு ஃபிலிமைக் கழுவி எடுத்தேன். அதைத் துணியில் நீல நிறத்தில் ஏற்ற, வெயில் பட்டால் மாறுகிற இரண்டு ரசாயன உப்புகள் வேண்டும். டப்பாவைச் சுரண்டியதில் ஒரு படத்துக்குத்தான் தேறியது. கரைத்துப் பனியன் துணியில் பூசி இருட்டில் உலர்த்தினேன். ஃபிலிமை மேலே வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடி வெயிலில் கிடத்தினேன். வெயில் அடிக்க அடிக்கத் துணி சாம்பல் பூத்தது. இனி கழுவினால் முகம் நீலத்தில் எழும்.

கழுவ ஆற்றுத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடம் காலி. ஆபரேஷனுக்கு முன் பார்க்க வந்த சொந்தபந்தம் மொத்தமும் குடித்துத் தீர்த்திருந்தது. குழாயில் அடுத்த முறை எப்போது வருமோ. தண்ணீர்தானே என்று உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைத் தட்டில் பிடித்துத் துணியை முக்கினேன்.

நஞ்சம்மாள் நீலமாக எழுந்தாள். நெற்றி, மூக்குத்தி, கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தன! தனபால் தட்டின் மேல் குனிந்தான்.

மறுகணம் நெற்றி மங்கியது. கன்னம் மஞ்சளாகப் போனது. மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நீலம் எங்கள் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அக்கா போகுதுங்க!" என்று கத்தினான் தனபால்.

கீழே கார் ஹாரன் அடித்தது. தட்டில் இரண்டு கருவிழிகள் மட்டும் மிஞ்சி என்னைப் பார்த்தன. பிறகு அவையும் போயின.

தனபால் தட்டைத் தூக்கினான். "பாழாப்போன தண்ணி. கொட்டீட்டு வேற புடிக்கலாம்."

"கொட்டாதே! உங்கக்கா மூஞ்சி அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்குது!"

அவன் தட்டைத் திரும்பக் கீழே வைத்தான். நான் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தேன். விரல் வழவழத்தது. எங்கள் ஊர் நிலத்தடித் தண்ணீரில் இருக்கிற சோடா உப்பு அது. சோடா தின்றதைப் புளிப்புதான் கக்க வைக்கும்.

"உன் பட்டறையில ஆசிட் இருக்குமே?"

"போயிட்டு வர்றதுக்குள்ள கார் போயிருமுங்க. புளி கரைச்சு ஊத்தலாமா?"

"ஊத்தினா மூஞ்சி ரசமாயிரும்டா!"

மோரையும் சொந்தபந்தம் விட்டுவைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே புளிப்பு நஞ்சம்மாளின் கைக்குள் இருந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டுமென்று கோயிலில் பூஜை செய்து கொடுத்த எலுமிச்சம்பழம். காலையிலிருந்து அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

சத்தம் கேட்டு அவளே மாடிக்கு வந்துவிட்டாள். வெறுந்துணியைப் பார்த்தாள். ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. நான் அவள் கையைப் பார்த்தேன். கேட்க நாக்கு எழவில்லை, எனக்கே, பாருங்கள்.

"இது வேணுமாக்கும்?" என்றாள்.

"வேண்டாம்க்கா, அது சாமி குடுத்தது" என்றான் தனபால்.

பழத்தை ஒரு தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தப் பழம் இல்லாட்டியும் சாமி என்னைப் பாத்துக்குமுங்க. மூஞ்சி இல்லாட்டி மாலைய எங்க மாட்டுவீங்க? புடிங்க."

பல்லால் கடித்துப் பிய்த்துப் பிழிந்தேன். தட்டை ஆட்டினேன். ஒன்றுமில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. ஒன்றுமில்லை. கொட்டையோடு சக்கையையும் நசுக்கினேன்.

முதலில் வந்தது கண். இரண்டு நீலப் புள்ளி, அப்புறம் இமை, புருவம், பின்னால் மெல்ல நெற்றி. முன்னைவிடக் கொஞ்சம் வெளிறிய நீலம்தான். ஆனால் கண் திறந்திருந்தது.

நஞ்சம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நான் இப்படியா பாக்கறனுங்க?" என்று கேட்டுவிட்டுக் காரில் போய் ஏறினாள்.

மாலைக்கு வேலை வரவில்லை. தையல் பிரித்து அவள் வீட்டுக்கு வந்த வாரம் நெருப்பெரிச்சல் என்கிற ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தார்கள். சுவரில் படம். நான் விடுவேனா? தட்டில் நீல நெருப்பு எழுந்தது, மூன்று தெரு மணத்தது, மூட்டை எலுமிச்சை பிழிந்தேன் என்று அவிழ்த்துவிட்டேன். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க தனபாலு, உங்க மாமன் என்னமோ சொல்றாரே?"

தனபால் படத்தைப் பார்த்தான். எழுந்துபோய்த் துணியின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டான்.

"நெருப்பெல்லாம் பொய்யுங்க. எலுமிச்சம்பழமும் ஒண்ணேதான். ஆனா எங்கக்கா மூஞ்சி போனது நெசம், வந்ததும் நெசம். தட்டைப் புடிச்சுட்டு நின்னவன் நானுங்க."