ஏற்றத்தில் நின்ற வண்டி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காஞ்சிரங்குளத்து அபிலாஷ் வந்து வண்டியைப் பார்ப்பான், பிடித்தால் விலை பேசிக் கையோடு கொண்டுபோவான் என்று ரெத்தினதாஸ் முடிவு செய்துவிட்டார். வண்டியோ மகள் ஜோஸ்னா தன் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டர். அதில்தான் அவள் வெள்ளறடை மேட்டு வீடுகளுக்குப் போய், படுக்கையில் கிடப்பவர்களிடம் லேபுக்கு ரத்தம் எடுத்து வருகிறாள். பஸ் எட்டிப் பார்க்காத வழிகள். வண்டி போனால் வேலையும் போகும்.

கொஞ்ச நாளாக வண்டி சமதளத்தில் சொன்னபடி கேட்டது. ஏற்றத்தில் முறுக்கினால் மூச்சுவாங்கி நின்றது. சற்று ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

"இன்ஜெக்ஷன் வண்டியாக்கும். உள்ள கம்ப்யூட்டரு போச்சு," என்றார் ரெத்தினதாஸ். "பெண்ணு ஓட்டுனா இப்பிடித்தான். இனி பஸ்ஸுல போனா போதும்."

ஜோஸ்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏத்தம் எறக்கம் பாத்துத்தானா கம்ப்யூட்டரு போவும்? நானே பாக்கேன்."

சனிக்கிழமை காலை, அடுப்படியை விட்டுத் தள்ளி முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்பு முனகி அடங்கியது. அதற்கு உயிர் இருந்தது. வொர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய பிரஷர் மீட்டரை பெட்ரோல் குழாயில் இணைத்தாள். வண்டி சும்மா ஓடும்போது முள் அசையாமல் நின்றது. முறுக்கிப் பிடித்ததும் சரிந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் அடைத்திருந்தால் முள் இப்படிச் சரியாது. பெட்ரோலே அங்கே போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அப்படியானால் கோளாறு டேங்குக்குள்.

"விக்கிய வண்டியப் பிரிச்சுப் போடாத, மக்கா!" என்று கத்தினார் ரெத்தினதாஸ்.

"யாரு விக்கியது?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவள்.

பெட்ரோலை வடித்துவிட்டு, பம்பை வெளியே எடுத்தாள். அதன் அடியில் இருந்த வடிகட்டி வலையை வெளுத்த பசை ஒன்று போர்த்தியிருந்தது. விரலால் இழுத்தாள். நீண்டது. ரப்பர் வெட்டுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரே ரப்பர் ஷெட்டுக்குப் போய், அப்பாவின் பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தாள். கேரளத்து விலையில் பெட்ரோல் போட்டால் ரெத்தினதாஸுக்குச் சோறு இறங்காது. எல்லை தாண்டி களியக்காவிளைக்குப் போய் கேனில் வாங்கிவந்து, மகள் வண்டியில் தன் கையாலேயே ஊற்றுவார். அந்தக் கேன் அதற்கு முன் ரப்பர்பால் சுமந்த கேன். தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார், பாவம். தண்ணீருக்கு அசையாமல் உள்ளே ஒட்டிக்கிடந்த பால்பாடையைப் பெட்ரோல் இளக்கிக் கொண்டுவந்துவிட்டது. ஜோஸ்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டேங்கையும் வலையையும் கழுவி மாட்டியபிறகும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அபிலாஷ் வந்தான். ஜோஸ்னா ஆராதனைக்கு உடுத்திய சேலையோடு வண்டியில் ஏறினாள். வீட்டுக்கு எதிரே நிமிர்ந்து நின்ற சர்ச் மேட்டில் முறுக்கிய முறுக்கில் ஒரே ஏற்றமாக ஏறினாள். உச்சியில் திரும்பி இறங்கி, மறுபடி ஏறினாள். வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை. ஊரே சர்ச் வாசலில் நின்று பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது.

இறங்கி வந்து, வலையிலிருந்து உரித்த பசையை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். "பெண்ணு ஓட்டுனதுல வந்ததில்ல அப்பா. நீங்க ஊத்துனதுல வந்தது."

ரெத்தினதாஸ் அதை இழுத்துப் பார்த்தார். அது நீண்டது.

அபிலாஷ் தலையைச் சொறிந்தான். "அப்போ வண்டி தரியதில்லியா?"

"வண்டி இல்ல, அண்ணா. நல்ல கேன் ஒண்ணு உண்டு," என்றாள் ஜோஸ்னா. "வேணுமுண்ணா கொண்டு போங்க."