எடுத்துப்போன சதை

மே மாதம். தாராவியில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கம்பளி கேட்டார். உடம்புக்கு அல்ல, இடது தொடைக்கு மட்டும். சோதனைக்காக ஆஸ்பத்திரியில் சதை வெட்டி எடுத்த இடம் அது. தையல் ஆறி வெறும் கோடாகிவிட்டிருந்தது.

"உள்ள ஐஸ் வச்ச மாதிரி குளுருதுட்டி சுஜா."

தோல் பை தைக்கும் பட்டறையில் அப்பாவின் கத்தரிக்கோல் கையை விட்டு நழுவத் தொடங்கியபோது வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு விரல்கள் மடங்கவில்லை, படியில் கால் நிற்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு நோயைவிட அந்தச் சதைதான் பெரிய கவலை.

"கடைசி நாள்ல ஏசு வந்து எழுப்பும்போது கல்லறையில இருந்து குழி விழுந்த தொடையோடயா எந்திப்பேன்? கேட்டு வாங்கிட்டு வா. நம்ம கல்லறைத் தோட்டத்துல ஓரமாப் புதைச்சிருவோம்."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சஃப்ரீன் எங்கள் சந்தில் வளர்ந்தவள். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். சாயம் ஏற்றிய அப்பாவின் தசை நார்கள் பச்சையும் நீலமுமாக நெருக்கியடித்துக் கிடந்தன. பல நார்களுக்குள் ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சிவப்புக் கரை.

"தசை வீக்கத்துல இது அபூர்வமான வகை சுஜா. மத்ததெல்லாம் பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்கும். இது அடங்காது. நாரு தனக்குள்ளயே ஓட்டையாகிட்டுப் போகும்."

"மிச்சச் சதை எங்க இருக்கு?"

"ஃப்ரீசர்ல. மைனஸ் எண்பது டிகிரி. ஆராய்ச்சிக்கு வேணுமாம், இப்போ தர மாட்டாங்க."

எனக்கு முதுகு சில்லிட்டது. அப்பா கம்பளி கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னையும் சோதனைக்கு அனுப்பியிருப்பாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம், ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கம்பளி தரையில் கிடந்தது.

"குளுரு விட்டுட்டு. ஆனா தொடையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. தொடச்சு விடுட்டி."

தொட்டுப் பார்த்தேன். தழும்பு காய்ந்துதான் இருந்தது. அதற்குள் போன் அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தேன்.

"காலையிலருந்து ஃப்ரீசர் ஓடல சுஜா," என்றாள் சஃப்ரீன். "உள்ள இருந்ததெல்லாம் உருகிப்போச்சு. இனி எதுக்கும் ஆகாது. பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், அப்பாவோடத நீ வாங்கிக்கலாம். சீக்கிரம் வா."

உள்ளே போய் மூடி இறுக்கமான டப்பா ஒன்றைத் தேடினேன். அப்பா டப்பாவையே பார்த்தார்.

"வெரசாப் போயிட்டு வாட்டி," என்றார். "ஈ மொய்க்குது."

வீட்டில் ஒரு ஈகூட இல்லை. மடங்காத விரல்களால் அவர் தொடைக்கு மேல் விரட்டிக்கொண்டே இருந்தார்.