எதிர்ப்பக்கத்து வெயில்

அபி எல்லைக்கோடு வரைக்கும் துரத்திக்கொண்டு போய், சறுக்கி விழுந்து, எதிரணிக்காரியின் காலில் இருந்த பந்தை வெளியே தட்டிவிட்டாள். மேற்குப் பக்கத்துச் சிமெண்டுப் படிகளில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. பிரேம்குமார் விசிலடித்தான். "பாத்தியா, பாத்தியா! ஓடுறா பாரு!" என்று முன்படியில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினான். கை தட்டாமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருவர்தான். அபியைப் பெற்ற நாராயணசாமி.

இத்தனைக்கும் அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தவர் அவர். நோணாங்குப்பத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஓட்டுவது அவர் வேலை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிற ஆள் என்று படிக்கூட்டம் கேலி செய்யும். ஆனால் வாலிபத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. வலது பக்க டிஃபென்ஸ். பந்து இருக்கும் இடமெல்லாம் இருப்பார், பந்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலும் இருப்பார். ஒரு கோல் அடித்ததில்லை. பெயர் சொல்லும்படி ஒரு பாஸ் கொடுத்ததில்லை. ஆட்டம் முடியும்போது ஜெர்சியைப் பிழிந்தால் வாளி நிறையும், அவ்வளவுதான். அதுவே போதும் என்று நிறைவாக இருந்தவர்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த பெண் மைதானத்தில் நடந்தாள். எல்லாரும் மூச்சு வாங்க ஓடும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நிற்பாள். இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை. பந்து அவளிடம் வந்தால் இரண்டு தொடுதலுக்கு மேல் வைத்திருக்க மாட்டாள். அது யாருமே இல்லாத பச்சைப் புல்லுக்குப் போகும், எங்கிருந்தோ முன்வரிசை ஹேமலதா வந்து அந்தப் புல்லில் முளைப்பாள். கோல் விழும். அபி அதற்கும் ஓடிவந்து குதிக்க மாட்டாள், நடந்துதான் வருவாள். கோல் விழுந்த நாட்களில் படிக்கூட்டம் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடும். விழாத நாட்களில், "சாயந்திரம் பீச்ல வாக்கிங் போவ வேண்டியது தப்பி இங்க வந்துட்டா" என்று பிரேம்குமார் ஆரம்பிப்பான். மகளைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாராயணசாமிக்குச் சுருக்கென்று தைக்கும். அதைவிட மோசம், அது சரிதானே என்று உள்ளுக்குள் தோன்றும்.

பதில் சொல்லவும் வழியில்லை. படிக்கூட்டத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆடுகிறவளுக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. எப்போதோ ஒரு கோல்கீப்பருக்காக அவளுடைய மாமன் பரிந்து பேசப்போய், அது கைகலப்பாகி, ஒரு கல்யாணப் பந்தியில் சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்து போகிற அளவுக்கு முற்றியதால் வந்த சட்டம். மீறினால் தண்டனையும் உண்டு. அடுத்த ஆட்டத்தை எதிர்ப்பக்கம், எதிரணி ஆட்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே படியும் கிடையாது, நிழலும் கிடையாது. சாயந்திர வெயில் நேராகக் கண்ணில் குத்தும். நாராயணசாமி ஒரு தரம்கூட அந்தப் பக்கம் போனதில்லை. மகளுக்காகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லாததால் சட்டத்தைக் காப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் சட்டம் படிக்கூட்டத்துக்குள் பேசுவதைத்தானே தடுக்கிறது? போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கருவடிக்குப்பத்தில் கோச் ஏஸ்தெலின் வீட்டுக்கே போய்விட்டார். ஏஸ்தெலின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பிரான்சில் வளர்ந்து, அங்கே ஆடி, முட்டி போனதும் ஊருக்குத் திரும்பி இந்த எத்துவால் அணியைக் கையில் எடுத்தவள். எத்துவால் என்றால் பிரெஞ்சில் நட்சத்திரம். அவள் வருவதற்கு முன்னால் அந்த நட்சத்திரம் மினுங்கியது என்று சொன்னால் அது பொய்.

"அபிய ஓட வைங்க மிஸ். ஓடலன்னா உக்கார வைங்க. எனக்கு வெக்கமா இருக்குது" என்றார் நாராயணசாமி, கொடுத்த காப்பியைத் தொடாமல்.

ஏஸ்தெல் காப்பியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "கிளப்புல எல்லாரும் இதத்தான் சொல்றாங்க சார். நான் கேக்கல. அவ வீட்ல இருக்கறவங்களுக்காவது புரியும்னு நெனச்சேன். நீங்களே சொல்றீங்களா?" என்றாள்.

நானேதான் சொல்கிறேன் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வந்தார். ஏதோ பெரிய கடமையை முடித்த மாதிரி அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

இன்றைக்கு அரையிறுதியில் பலன் கண் முன்னால் ஓடியது. இடது ஓரம், வலது ஓரம், பின்னால், முன்னால் என்று அபி ஓடிக்கொண்டே இருந்தாள். தொடக்கத்தில் நாராயணசாமிக்கும் மார்பு விம்மத்தான் செய்தது. அப்புறம்தான் ஹேமலதா கண்ணில் பட்டாள். ஹேமலதா டிஃபென்ஸைக் கிழித்துக்கொண்டு ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பந்து வராது. மறுபடியும் ஓடுவாள், மறுபடியும் கையைத் தூக்குவாள். அபியின் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் அபி தலையைக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இல்லை. இப்படி ஒன்று, அப்படி ஒன்று, அது எங்கேயும் இல்லை. யாருமே இல்லாத புல்லுக்குப் பந்து ஒரு தடவைகூடப் போகவில்லை. நிற்கிறாள் நிற்கிறாள் என்று இத்தனை நாள் தலைகுனிந்தாரே, நின்றுகொண்டு அவள் என்ன செய்தாள் என்பது அவள் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. இருபது வருஷம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியவருக்கு இது தெரியவில்லையே என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டத்தை ஜெயித்தார்கள். ஒரு கார்னர் எதிரணிக்காரியின் முட்டியில் பட்டுத் தானாக உள்ளே போனது. அபி வேலியோரம் வந்தாள். சிவப்பு ஜெர்சி முழுக்க மண்.

"அப்பா, இன்னிக்கு ஓடுனேன், பாத்தியா? மிஸ் ஓடச் சொன்னாங்க. ஒனக்குப் புடிக்கும்ல?"

"பாத்தேன்டா கண்ணு" என்றார். இவ்வளவு நாளும் அப்பாவுக்குத் தன் ஆட்டம் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேதான் ஆடியிருக்கிறாள்.

மைதானத்துக்குப் பின்னால் டீக்கடையில் வழக்கம்போலக் கச்சேரி கூடியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஃபெர்னான், அவர் மனைவி மரி, செல்போன் கடை வைத்திருக்கும் பிரேம்குமார், இன்னும் சில பேர். கிளப் செயலாளர் சந்திரகலாவும் ஒரு டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றாள். அணியின் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் இந்தக் கூட்டத்தின் தயவு என்பதால், இவர்கள் சொல்வதை அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

"இன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு ஒடம்பு வளஞ்சுது. இதான் கோச்சோட வேல. ஃபைனலுக்கு அவள இன்னும் கொஞ்சம் பின்னால எறக்கி ஓட வுட்டா மூலக்குளத்துக்காரங்க தண்ணி குடிப்பாங்க" என்றான் பிரேம்குமார்.

ஃபெர்னான் மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஓடுறதுக்குக் குதிர வாங்கலாமே, பொண்ணு எதுக்கு? முன்னாடி ஒரு பாஸ் போச்சா? ஒண்ணு? வுவாலா, பாத்துக்க, இல்ல. நல்லா இருந்த பொண்ண அந்த்ரெனேர், அதான் நம்ம கோச், கெடுத்துட்டா. பயிற்சி குடுக்கறேன்னு கைய வெட்டி வுட்டுட்டா. சந்திரகலா, ஃபைனலுக்கு முன்னாடி கோச்ச மாத்து. எங்கூட மின்ன ஆடுன பையன் ஒருத்தன் இருக்கான், கேட்டா வருவான்."

"ஜெயிச்ச கோச்ச மாத்துவாங்களா முசே?" என்று பிரேம்குமார் ஃபெர்னானை மடக்கினான்.

"முட்டிதான ஜெயிச்சுது, கோச்சா ஜெயிச்சுது?"

மரி, "எனக்கும் அப்டித்தான் படுது. அந்தப் பொண்ணு மொகத்துல களையே இல்ல இன்னிக்கு" என்றாள்.

சந்திரகலா இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டுகிறாள் என்றால் காரியம் பாதி முடிந்த மாதிரி. ஏஸ்தெலுக்கு வேலை போகும், அல்லது அபி டிஃபென்ஸுக்குப் போவாள். இரண்டுமே நடந்தாலும் நடக்கும். இரண்டுக்கும் காரணமான ஆள் டீக்கிளாஸைப் பிடித்துக்கொண்டு, சட்டம் இருக்கிறதே என்று சும்மா நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஏஸ்தெல் வேறு அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தாள். பேச்சு சட்டென்று நின்றது. யாரைப் பற்றிப் பேசினார்கள் என்பது அந்த மௌனத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு டீ சொன்னாள்.

நாராயணசாமி கிளாஸை மேடை மேல் வைத்தார்.

"கோச்ச ஒண்ணும் சொல்லாதீங்க. ஓட வைன்னு சொன்னது நான். அவங்க வூட்டுக்கே போய்ச் சொன்னேன்."

"யோவ் நாராயணசாமி, சட்டம்" என்றான் பிரேம்குமார்.

"தெரியும்டா. எதிர்ப்பக்கம்தான, போறேன். ஆனா இத்தினி நாளு வாய மூடிக்கினு இருந்ததுக்கும் சேத்துப் பேசிட்டுப் போறேன்." அவர் பிரேம்குமாரை நேராகப் பார்த்தார். "எம்பொண்ணு நிப்பா. நிக்கட்டும். நின்னாத்தான் அவளுக்கு மைதானம் தெரியுது. நீங்க வாக்கிங் வாக்கிங்னு சொன்னப்பல்லாம் நானும் தலய தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன். எனக்குத் தெரிஞ்சது ஓடத்தான். நான் எத்தினி வருசம் ஓடுனேன், ஒரு பந்த எவனுக்காவது உருப்படியாக் குடுத்திருப்பேனா? எங்க வமுசத்துலயே பந்து எங்க போவணும்னு தெரிஞ்ச மொத ஆளு அவதான்யா. அவள ஓடச் சொன்னது எம் புத்தி."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஃபெர்னான் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவர் சொன்னாரு. ஒத்துக்கிட்டது நான்தான்" என்றாள் ஏஸ்தெல். "எனக்குச் சரின்னு தெரிஞ்சத அடுத்தவங்களுக்காக மாத்திக்கிட்டேன். அது கோச் பண்ற வேல இல்ல." பிறகு சந்திரகலாவைப் பார்த்து, "ஃபைனல்ல அபி நிப்பா. புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். சந்திரகலா இந்தத் தடவை ஏஸ்தெல் பக்கம் மட்டும்தான் தலையை ஆட்டினாள்.

கிளம்பும்போது பிரேம்குமார் அருகில் வந்து, "இருந்தாலும் எதிர்ப்பக்கம் எதிர்ப்பக்கம்தான். தொப்பி எடுத்துக்கினு வாண்ணே, வெயில் கொளுத்தும்" என்றான்.

இறுதி ஆட்டத்தன்று நாராயணசாமி தொப்பியை மறந்துவிட்டு வந்தார். மூலக்குளத்து ஆட்கள் ஜமுக்காளம் விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் கிடைத்த இடத்தில் அவரும் உட்கார்ந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. எதிரே மேற்குப் படிகளில் தன் கூட்டம் நிழலில் நிழலாகத் தெரிந்தது. பக்கத்தில் அன்னக்கிளி என்று ஒருத்தி, மூலக்குளம் டிஃபென்ஸில் ஆடுகிற பெண்ணின் அம்மா. மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், வாயில் ஓயாத கூச்சல். "யாரு புதுசா இருக்கீங்க?" என்று கேட்டுக் கடலை நீட்டினாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அபி நடுவில் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பழைய பழக்கத்தில் நாராயணசாமிக்கு முதுகு கூசியது. இங்கே யார் என்ன சொல்வார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏ பாப்பா, அந்த நிக்கிறவள வுடாதடி!" என்று அன்னக்கிளி மகளைப் பார்த்துக் கத்தினாள். "பந்து எங்கனாப் போவட்டும், நீ அவகிட்டயே இரு!"

பின்னாலிருந்து ஒரு ஆள், "ஓடுறவங்களப் பத்திக் கவலயே இல்ல. நிக்கறா பாரு, அவதான் ஆபத்து. நம்ம கோச் ரெண்டு பேர அவளுக்குன்னே போட்டிருக்காரு" என்றான்.

நாராயணசாமி கடலையை மெல்லுவதை நிறுத்தினார். உண்மைதான். அபி மூன்றடி தள்ளி நடந்தால் இரண்டு பெண்கள் மூன்றடி தள்ளி வந்தார்கள். அவள் நின்றால் நின்றார்கள். இத்தனை வருஷம் மேற்குப் படியில் உட்கார்ந்து அவர் வெட்கப்பட்ட நிற்பைக் கண்டு, இந்தப் பக்கம் ஒரு ஊரே பயந்துகொண்டு இருந்திருக்கிறது. பெருமை என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெயில் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"ஏங்க, உங்க பொண்ணு எது?" என்றாள் அன்னக்கிளி, திடீரென்று ஞாபகம் வந்தவளாக.

எதிர்ப்பக்கம் வந்தவர் தன் பெண் யாரென்று சொல்லக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

"அதோ, நிக்கிறாளே" என்றார்.

அன்னக்கிளி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "நல்லாப் பெத்தீங்க போங்க. ஒரு வாரமா எம்பொண்ணு சாப்புடல, தூங்கல. எல்லாம் இவளாலதான்."

அப்போது அபி தலையைத் திருப்பி மேற்குப் படிகளைப் பார்த்தாள். அவர் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தது. பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். இப்படி ஒரு பார்வை, அப்படி ஒரு பார்வை. அவரைக் கண்டுபிடித்தாளா, ஹேமலதாவைக் கண்டுபிடித்தாளா என்று சொல்ல முடியாது. நாராயணசாமி நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பின்வரிசையிலிருந்து பந்து உருண்டு வந்தது. இரண்டு பெண்களும் அபியை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் புல் பச்சையாக, வெயில் பட்டு, யாருமே இல்லாமல் கிடந்தது.

"போச்சு" என்றாள் அன்னக்கிளி, கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிக்கொண்டே.

பந்து இன்னும் அபியின் காலை விட்டுக் கிளம்பவில்லை.