இடது தோள்

துப்பாக்கி பழுதுபார்க்கும் டெல்பர்ட், துப்பாக்கியின் மரக்கட்டையை மறுபடியும் இடுக்கியில் வைத்து இறுக்கினான். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தான். தூளை ஊதிவிட்டு, தோட்டா ஏறும் இரும்புப் பாகத்தை அதன் பள்ளத்துக்குள் இறக்கிப் பார்த்தான். உட்காரவில்லை.

"இன்னும் ஒரு நூலளவுதான்."

"அதையேதான் ஒரு மணி நேரமா சொல்லிட்டிருக்க," என்றாள் ஐலி. கையுறையைக் கழற்றக்கூட இல்லை அவள். சாமானை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"நீ கொண்டு வந்து கொடுத்தது ஒரு துப்பாக்கியா, ஐலி? இரும்பு விஸ்கான்சின்ல ஒரு அடகுக்கடை. குழல் எவனோ கழட்டிப் போட்டது. இந்தக் கட்டை எங்க புடிச்ச?"

"சர்ச் சந்தையில. பதினெட்டு டாலர்."

"அதான் பார்த்தேன். வலது கைக்காரனுக்கு வெட்டின கட்டை. உள்ள போகவேண்டியது இடது கைக்காரனோட இரும்பு. வலது கால் பூட்ஸுல இடது கால நுழைக்கச் சொல்ற."

"நுழையுமா, நுழையாதா?"

"நுழைச்சிடுவோம். ரெய்னோவுக்குன்னா நுழைச்சுதானே ஆகணும்?" டெல்பர்ட் சிரித்தான். அரத்தை எடுத்துக்கொண்டே, போன வருடம் தன் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கரடியின் கதையை ஆரம்பித்தான். அவனும் ஐலியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கதையை முடிக்காமல் வேலையை முடிக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது.

அவள் கணவன் ரெய்னோ ஜனவரியில், உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக்க உட்கார்ந்திருந்த இடத்திலேயே பக்கவாதத்தில் சரிந்தான். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் பாதி போனது. நாக்கு ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குப் பொறுமை போய்விடும். சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவன், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிப்ரவரி முழுவதும் அப்படித்தான். ஒருநாள் அவனுக்குச் சட்டை போட்டுவிடும்போது, இடது கை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஐலிக்குத் தோன்றியது.

"நவம்பர் பதினஞ்சு, வேட்டை தொடங்குற அன்னிக்கு நீ காட்டுக்குள்ள இருப்ப," என்றாள். "இடது தோள்ல வெச்சு சுடுவ. நான் ஏற்பாடு பண்றேன்."

ரெய்னோ அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கியை எந்தக் கடையும் வைத்திருப்பதில்லை. வரவழைத்தால் பள்ளிச் சமையற்கட்டில் அவள் வாங்கும் இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். அதனால் பாகம் பாகமாகத் தேடினாள். சனி, ஞாயிறுகளில் ஊர் ஊராகப் பழைய சாமான் சந்தைகளுக்குப் போனாள். இடது பக்கம் கைப்பிடி வைத்த, துருவேறிய ஓர் இரும்புக்காக ஆறு வாரம் காத்திருந்தாள். சுவரில் தொங்கிய ரெய்னோவின் பழைய துப்பாக்கி அவன் அப்பா கொடுத்தது. அதைத் தெற்கேயிருந்து வந்த ஒருவனுக்கு விற்றுத்தான் குழல் வாங்கினாள். "வித்துடட்டுமா?" என்று கேட்டபோதும் அவன் தலையாட்டினான்.

ஒவ்வொரு பாகம் வரும்போதும் அவன் மடியில் கொண்டுபோய் வைப்பாள். இடது கையால் தடவிப் பார்ப்பான். "நல்... லா... இருக்கு," என்பான். காலையில் காபி கொதிக்கும்வரை அவனுக்குப் பயிற்சி. துடைப்பத்தை இடது தோளில் சாய்த்து ஜன்னலுக்கு வெளியே குறி பார்ப்பான். "டப்" என்பான். திக்காமல் அவன் சொல்லும் ஒரே சொல் அதுதான். "விழுந்துச்சா?" என்பாள் ஐலி அடுப்படியிலிருந்து. பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி அந்த வருடத்தில் நூறு தடவையாவது செத்திருக்கும்.

இன்று காலை அவன் துடைப்பத்தை எடுக்கவில்லை. அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, "வே..." என்றான். "ஐலி... வே..."

"வேணும்னுதானே? அதுக்குத்தான் போறேன். பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன். போன் மடியிலயே இருக்கட்டும்." அவன் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள். நாற்பது மைல் போகவேண்டும், ரோட்டில் பனிக்கட்டி பிடித்திருந்தது. சில சனிக்கிழமைகளில் துணைக்கு வரும் ரெய்னோவின் தம்பி அர்வோவும் வேட்டைக் குடிசைக்கு விறகு அடுக்கப் போயிருந்தான்.

பதினொன்றே முக்காலுக்கு இரும்பு கட்டைக்குள் உட்கார்ந்தது. டெல்பர்ட் திருகுகளை முடுக்கி, தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளிக் காட்டினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

"நாலு ஊரு சாமான்," என்றான். "ஆனா நேராச் சுடும். அவன்கிட்ட சொல்லு, முதல் மானோட பின்னங்கால் எனக்கு."

திரும்பும் வழியெல்லாம் ஐலி வானொலிப் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள். அதைப் பிறகு நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

உறையில் போட்ட துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே போனாள். "ரெய்னோ, கண்ண மூடு," என்றாள்.

அவன் நாற்காலியில்தான் இருந்தான். தலை இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. காபிக் கோப்பை கம்பளத்தில் கிடந்தது. சிந்திய காபி காய்ந்திருந்தது. அவள் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அவன் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, தன் கைதான் சில்லிட்டிருக்கிறது என்று நினைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டாள்.

தொலைபேசி அவன் மடியில் வைத்தது வைத்தபடி இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அவன் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்த மருத்துவ அலுவலர் இளைஞர். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் ஐலி.

"பதினொண்ணு வாக்குல இருக்கலாம். மறுபடியும் அதே பக்கவாதம்தான்."

"உடனேயா?"

அவர் பேனாவை மூடினார். "உடனேன்னு சொல்ல முடியாதும்மா."

"யாராவது பக்கத்துல இருந்திருந்தா?"

அவர் மேசைமேல் இருந்த உப்புக் குப்பியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "அதெல்லாம் இப்ப நினைக்காதீங்க," என்றார்.

ஐலிக்கு அந்தக் கரடியின் கதை ஒரு வரி விடாமல் நினைவிருந்தது. அது தொட்டியோடு எழுந்து நின்றதை டெல்பர்ட் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்திருந்தாள்.

அர்வோ வந்ததும் முதல் வேலையாகத் தரையில் கிடந்த துப்பாக்கியைக் கொண்டுபோய் அவள் வண்டியில் வைத்துப் பூட்டினான். அதன் பிறகுதான் அண்ணனிடம் போனான்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு வந்தார்கள். நீள மேசைகளில் பன்றித்தொடை, நூடுல்ஸ் தட்டுகள், ஏலக்காய் ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காபி. பெண்கள் ஐலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் காபியோடு ஓரமாக நின்று வரப்போகும் பனியைப் பற்றிப் பேசினார்கள். ஈரப் பனி வந்தால் மான் தடம் நன்றாகத் தெரியும் என்றார் ஒருவர். ஐலி பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"பாவம், உன்னைப்போல யாரு பாத்துக்குவா?" என்றாள் பாதிரியாரின் மனைவி. "எப்படி ஓடி ஓடி அந்தத் துப்பாக்கியைச் சேர்த்த! அந்த நம்பிக்கைதான் அவரை இத்தனை நாள் வெச்சிருந்துச்சு."

"ஆமா," என்றாள் ஐலி. நான்கு நாளாக அவள் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த ஒன்றைத்தான்.

பின்வாசலில் அர்வோ தனியாக நின்று புகைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் இல்லை. ஐலி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அர்வோ, அந்தத் துப்பாக்கிய நீ எடுத்துக்கோ."

"நான் வலது கை, ஐலி."

"அப்போ வித்துடு."

"யாரு வாங்குவா?"

"ஒருநாள்கூட அத அவன் தோள்ல வெச்சுப் பாக்கல," என்றாள். "இன்னும் ஒரே ஒரு வாரம். சனிக்கிழமை காலையில நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அவனைக் கூட்டிட்டுப் போயிருப்போம்."

அர்வோ சிகரெட்டைப் பார்த்தான். அது பாதிகூட எரியவில்லை. கீழே போட்டு மிதித்தான்.

"அவன் வந்திருக்கமாட்டான்," என்றான்.

"என்ன?"

"ஜூலையில சொன்னான். ஆவி புடிக்க சௌனாவுல உக்காந்திருந்தோம். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. ஒவ்வொரு வார்த்தையா. நடுவுல நான் சூட்டுக்கல்லுல தண்ணி ஊத்தப் போனா, கையப் புடிச்சு உக்கார வெச்சான்."

"என்ன சொன்னான்?"

"அடிபட்ட மான் ஓடினா பின்னாலயே போய் முடிக்கணும். போக முடியாதவன் சுடக் கூடாது. நான் இனிமே காட்டுக்கு வரலன்னான்."

உள்ளே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் அந்த அரை மணி நேரமும். அந்தச் சாமானத் தேடித்தான் அவ எழுந்து நடமாடுறா. வேணாம்னு சொல்லிட்டா விழுந்துடுவா. அப்படித்தான் சொன்னான்." அர்வோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நான் இன்னிக்கும் சொல்லியிருக்கக் கூடாது."

"தினம் காலையில துடைப்பத்த எடுத்துத் தோள்ல வைப்பானே."

"நீ பாக்கணும்னுதான்."

"அப்பாவோட துப்பாக்கிய வித்தேனே, அர்வோ."

"தெரியும்."

"தலையாட்டினானே."

ஐலி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிப்ரவரி முதல் நவம்பர் வரை எத்தனை சனி, எத்தனை ஞாயிறு. எத்தனை சந்தைகளில், எத்தனை அட்டைப்பெட்டிகளுக்குள் கையை விட்டுத் துருப்பிடித்த திருகுகளைத் துழாவியிருப்பாள். அப்போதெல்லாம் ஜன்னலோரத்தில் அவன் மட்டும். ஒரு வாக்கியம் சொல்ல அவனுக்கு அரை மணி நேரம் வேண்டியிருந்தது. அர்வோ உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அவள் ஒருநாளும் அப்படி உட்காரவில்லை. அவன் முதல் எழுத்தைச் சொன்னதுமே மீதியை அவளே சொல்லி முடித்துவிடுவாள். மருத்துவமனையில் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"இத நீ ஜூலையிலயே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருக்கலாம்," என்றான் அர்வோ.

பாதிரியாரின் மனைவி கதவைத் திறந்து, மீந்த ரொட்டியைக் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். ஐலி வாங்கிக்கொண்டாள்.

வெள்ளி இரவு பனி பெய்தது. அவள் தூங்கவில்லை. சனிக்கிழமை விடியும் நேரத்தில் மேட்டுக்கு அப்பாலிருந்து முதல் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு ஏரிப் பக்கமிருந்து இரண்டு. கொஞ்ச நேரத்தில் காடு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கத் தொடங்கியது. ஐலி இரவு உடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பூட்ஸுக்குள் காலை நுழைத்து வெளியே வந்தாள்.

வாசற்படியை ஒட்டி, ரெய்னோ இறங்கி நடப்பதற்காக ஏப்ரலில் போட்ட சரிவுப் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு சாண் பனி. அவள் மண்வாரியை எடுத்து மேலிருந்து கீழ்வரை தள்ளினாள். ஓரங்களைச் சுரண்டினாள். கைப்பிடிக் கம்பியில் இருந்ததைக் கையால் வழித்துப் போட்டாள். பிறகு உள்ளே போய் உப்பு வாளியைத் தூக்கிவந்து, பிடி பிடியாக, ஒரு பலகைகூட விடாமல் தூவிக்கொண்டே இறங்கினாள். கீழே வந்ததும் வாளியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

மேட்டுக்கு அப்பால் மறுபடியும் ஒரு சத்தம். அவள் நிமிரவில்லை. மேலே, அவள் தூவிய இடங்களில், பனிக்கட்டி மெல்ல மெல்லப் புள்ளி புள்ளியாக இளகத் தொடங்கியிருந்தது.