ஆண்கள் அளவுத் தாள்

இனிப்புக் கிண்ணத்தின் முன் ரிட்சு குனிந்து வணங்கியபோது, அவளுடைய கிமோனோவின் மார்மடிப்பிலிருந்து தாள்கட்டு ஒரு விரற்கடை அதிகமாக எட்டிப் பார்த்தது. வரிசையில் மண்டியிட்டிருந்த மற்றப் பெண்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அவர்களுக்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அடுத்து அமர்ந்திருந்த தமாயோ பல காலமாகத் தாள்கடைக்காரரின் மனைவி. அவள் கண்ணுக்குள்ளேயே ஓர் அளவுகோல் கிடந்தது. தேநீர் வகுப்பில் இனிப்பை வைத்துத் தின்னவும் விரல் துடைக்கவும் எல்லோரும் செருகி வரும் அந்தக் கைஷித் தாளில் இரண்டே அளவுதான். பெண்களுக்குச் சிறியது, ஆண்களுக்குப் பெரியது. ரிட்சுவின் மார்பில் இருந்தது ஆண்கள் அளவு.

அவசரத்தில் மாற்றி எடுத்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மாற்றி எடுக்க அவள் வீட்டில் ஆண்பிள்ளைத் தாள் ஏது? கணவர் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் ஒசாகாவில் இருக்கிறான். அவன் காப்பியைத் தவிர வேறெதையும் வாயில் வைப்பதில்லை. இப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரிட்சு ஒரு தாளை முழங்காலுக்கு முன் வைத்தாள். காகிதக் கதவு வழியாக வந்த வெளிச்சம் அதன்மேல் விழ, தாளுக்குள்ளே மெல்லிய அலைக்கோடுகள் ஓடின. அந்த அலைத்தாள், மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் அவர்கள் கடைக்கென்று மட்டும் செய்து அனுப்புவது. ஆண்கள் அளவில் அதைப் புழங்குகிறவர்கள் இந்த மட்சுவே ஊரில் இரண்டே பேர். ஒருவர் கோவிலில் இருக்கும் கிழத் துறவி. இன்னொருவர் தமாயோவின் கணவர் ஷின்சாகு.

துறவியைச் சந்தேகிக்க முடியாது. கைநடுக்கத்தில் அவருக்குத் தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோவதே ஒரு யாத்திரை. வருடப் பிறப்பு விருந்தில் தமாயோ அதை நடித்துக் காட்டியபோது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆட்களைப் போல நடித்துக் காட்டுவதில் தமாயோவுக்கு இணை கிடையாது. தேநீர் வகுப்பு எடுக்கும் நொத்சு டீச்சரைப் போல, தபால்காரரைப் போல, யாரைப் போல வேண்டுமானாலும் செய்வாள். அன்று ரிட்சுவும்தான் சிரித்தாள். இரண்டு கைகளையும் கிமோனோவின் பை போலத் தொங்கும் கைத்தொங்கலுக்குள் விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்று வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது தமாயோ மெதுவாகக் கேட்டாள்.

"என்னடி, இப்பல்லாம் கடைப்பக்கமே காணோம்? இல்ல, நான் இல்லாத நேரமாப் பாத்து வர்றியா?"

"உன் கண்ணுல படாம இந்த ஊர்ல ஒரு பூனையாவது நடக்க முடியுமா?" என்று சிரித்த ரிட்சு, மார்மடிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் தாளை மார்பில் செருகுவதையே விட்டுவிட்டாள். ஒரு துணிப்பைக்குள் வைத்து, பையை மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தாள்.

சந்தேகம் இருக்கிறதே, அது தாளில் விழுந்த எண்ணெய்ச் சொட்டு மாதிரி. விழும்போது கடுகளவுதான். காலையில் பார்த்தால் தாள் முழுக்க ஊறியிருக்கும்.

ரிட்சுவும் தமாயோவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ரிட்சுவின் தூரிகை எழுத்து அப்போதே பேர் போனது. இப்போதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. கடையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பணம் வைத்துக் கொடுக்கும் உறை வாங்குகிறவர்கள் மேலே பெயர் எழுதித் தரச் சொன்னால், ரிட்சுவிடம்தான் போகும். வசந்த காலத்தில் ஒருநாள், "இனிமே அவளுக்கு நேரமில்லையாம்" என்று ஷின்சாகு சொன்னார். ரிட்சு தமாயோவிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் உறைகள் மட்டும் எழுதப்பட்டுத்தான் வந்தன. ஷின்சாகு பின்னறைக்குள் எடுத்துப் போவார், தள்ளுகதவை மூடுவார், கொஞ்ச நேரம் கழித்து மை காயாத உறையோடு வருவார். எழுத்து ரிட்சுவின் எழுத்துத்தான். சற்று விறைப்பாக இருந்தாலும் அதே வளைவு, அதே கொக்கி. அப்படியானால் அவள் பின்வாசல் வழியாக வந்து, உள்ளே உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகிறாள். எழுதுவதற்கு மட்டும்தானா?

ஒரு மாலை, தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பிய தமாயோ கடை மூலையில் ஒரு குடையைப் பார்த்தாள். ஊதா நிறம், மூங்கில் பிடி, பிடியில் சிவப்பு நூல் சுற்று. ரிட்சுவின் குடை. சோற்று மூட்டையை மறந்தாலும் குடையை மறக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி குடையை மறந்துவிட்டுப் போகிறாள் என்றால் அவள் மனசு எங்கே இருந்திருக்கும்?

"யாராச்சும் வந்தாங்களா?"

ஷின்சாகு கதவுக்கு ஒட்டும் தாள்சுருளை அகலம் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. "இந்த மழையில யாரு வருவா?"

"குடை வந்திருக்கே. தானா நடந்து வந்துச்சா?"

கத்தி நின்றது. "யாரோ வாடிக்கைக்காரர் விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"வாடிக்கைக்காரரா, வாடிக்கைக்காரியா?"

"தமாயோ, அடுப்புல சூப் கொதிக்குது பாரு."

அடுப்பில் ஏரி மட்டி போட்ட மிசோ சூப் கொதிக்கத்தான் செய்தது. மட்டிகளெல்லாம் வாய் திறந்துவிட்டன. இந்த மனுஷர் வாயைத்தான் திறக்கக் காணோம். சாப்பிடும்போது அவர் ஆள்காட்டி விரலில் மைக்கறை இருந்ததை அவள் பார்த்தாள். அவள் இவருக்குக் கை பிடித்து எழுதச் சொல்லித் தருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தவள், தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் இருவரில் ஒருவர் போய்விடுவார், அல்லது இருவருமே. அந்தப் பயத்தில் கேட்காமலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி தேடினாள். பாவம், பயந்தவர்களுக்குத்தான் தந்திரம் அதிகம் தோன்றுகிறது.

இலையுதிர் காலத்து விருந்தன்று வகுப்புப் பெண்கள் எல்லோரும் நல்ல கிமோனோ உடுத்தி நொத்சு டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உள்ளே போகும் முன் ஒவ்வொருவராகத் தோட்டத்துக் கல்தொட்டியில் கை கழுவினார்கள். ரிட்சுவின் முறை வந்தபோது துணிப்பையைக் காத்திருக்கும் அறையிலேயே வைத்துவிட்டுப் போனாள். வகுப்புத் தோழி உமெகோ கண்ணாடி முன் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தமாயோ பையைத் திறந்தாள். அலைத்தாள் கட்டு, ஆண்கள் அளவு. அதை எடுத்துத் தன் கைத்தொங்கலுக்குள் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த புதுக்கட்டை, பெண்கள் அளவை, அதே இடத்தில் வைத்தாள். பையைத் திறந்ததும் ரிட்சுவுக்குப் புரிந்துவிடும். அப்போது முகத்தைப் பார்த்தால் போதும். முகம் பொய் சொல்லாது.

"உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள் உமெகோ, உள்ளே போகும்போது.

"தொட்டித் தண்ணி" என்றாள் தமாயோ. அவள் இன்னும் கை கழுவியிருக்கவே இல்லை.

இனிப்பு அன்று வெள்ளைச் செவ்வந்தி. பயற்றுமாவை நூல் நூலாகப் பிதுக்கிச் செய்தது, தொட்டால் குலைந்துவிடும். கிண்ணம் ரிட்சுவுக்கு முன் வந்தது. அவள் அடுத்திருந்த தமாயோவைப் பார்த்து, "உனக்கு முன்னாடி எடுத்துக்கறேன்" என்று முறைப்படி தலை தாழ்த்தினாள். பையைத் திறந்தாள்.

தமாயோ முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் பிடிபட்டவளின் திகைப்பு இல்லை. படிக்கட்டு என்று நம்பிக் காலை வைத்த இடத்தில் படி இல்லாதவளின் பயம்தான் இருந்தது. ரிட்சு பைக்குள் இன்னொருமுறை துழாவினாள். பிறகு சின்னத் தாளை முன்னால் வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இனிப்பெடுக்கும் குச்சிகளை எடுத்தாள். குச்சி நுனிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அந்த அமைதியில், குருவி அலகு தேய்ப்பது போல அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செவ்வந்தி கிண்ணத்தை விட்டு எழுந்தது, ஆடியது, தாளின் ஓரத்தைத் தொட்டது, நழுவித் தரைப்பாயில் விழுந்து நசுங்கியது.

"அய்யய்யோ!" என்றாள் உமெகோ.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் நொத்சு டீச்சர், கொதிகெண்டியைப் பார்த்தபடியே.

ரிட்சு குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வலது கையைக் கைத்தொங்கலுக்குள் இழுத்துக்கொண்டாள். தமாயோ அந்த அசைவை முன்பும் பார்த்திருந்தாள். வருடப் பிறப்பன்று, எல்லோரும் சிரித்தபோது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் தானாக அவிழ்ந்தது. பெரிய தாள், விழுந்தால் ஏந்திக்கொள்வதற்காக. குடையோடு கடைக்கு வந்தது, அந்தத் தாளை வாங்க. எழுத நேரமில்லை என்றது, எழுதக் கை இல்லாததால். அந்தக் கை போனது தெரிந்தால் எந்தத் தாய் தன் பிள்ளையை எழுதப் பழக அனுப்புவாள்? பின்னறையில் வேறு யாரும் இல்லை. ஷின்சாகுதான் தனியாக உட்கார்ந்து, ரிட்சுவின் பழைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து, விரலெல்லாம் மை பூசிக்கொண்டு எழுதியிருக்கிறார். அந்த விறைப்பான கொக்கிகள் அவருடையவை.

பாயில் கிடந்த இனிப்பை யாராவது எடுக்க வேண்டும். தமாயோவின் மார்மடிப்பில் அவளுடைய சின்னத் தாள் இருந்தது. அதை எடுத்திருந்தால் அந்த விஷயம் அதோடு முடிந்திருக்கும். தாள் எப்படி மாறியது என்று ரிட்சு கடைசிவரை குழம்பியிருப்பாள். தமாயோவின் கை மார்பை நோக்கிப் போனது. அங்கே நின்றது. பிறகு கீழே இறங்கி, கைத்தொங்கலுக்குள் நுழைந்து, பெரிய கட்டை வெளியே எடுத்தது.

மேல் தாளை உருவி நசுங்கிய செவ்வந்தியை அதில் ஏந்தி மடித்து ஓரமாக வைத்தாள். மிச்சக் கட்டைத் தன் முழங்காலுக்கும் ரிட்சுவின் முழங்காலுக்கும் நடுவே பாயில் வைத்தாள்.

ரிட்சு அந்தக் கட்டைப் பார்த்தாள். அலைக்கோடுகளைப் பார்த்தாள். பிறகு தமாயோவின் கைத்தொங்கலைப் பார்த்தாள். முகத்தை நிமிர்த்தவில்லை. பாய்க்குச் சொல்வது போல, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இதையும் நடிச்சுக் காட்டுவியா?"

தமாயோ வாயைத் திறந்தாள். ஊரிலுள்ள அத்தனை பேரின் குரலும் தெரிந்த அந்த வாயில் அவளுடைய சொந்தக் குரல் வரவில்லை.

கிண்ணம் இன்னும் ரிட்சுவின் முன்னாலேயே இருந்தது. அவள் எடுத்துக்கொண்டு நகர்த்தினால்தான் அடுத்தவர் தொட முடியும், முறை அப்படி. டீச்சர் ஒரு கரண்டி குளிர்ந்த நீரைக் கெண்டியில் விட, கொதிக்கும் ஓசை சட்டென்று அடங்கியது. வெளியே மழை தொடங்கியிருந்தது. இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அந்தப் பெரிய வெள்ளைத் தாள் கிடக்க, எல்லோரும் காத்திருந்தார்கள். ரிட்சுவின் கைத்தொங்கலின் ஓரப்பட்டு, உள்ளே ஏதோ சிறு உயிர் இருப்பது போல, நடுங்கிக்கொண்டே இருந்தது.